மருத்துவ மடல்: புரைக்கேறிய ஒரு கச்சான்



இந்த மடலில் தொய்வு பற்றி எழுதுவதாகச் சென்ற முறை சொல்லியிருந்தோம். எழுத உட்கார்ந்தபோது எமது வீட்டிலேயே நடந்த ஒரு விடயம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. தொய்வு என்று நம்பி மூன்று கிழமை மருந்து கொடுத்த ஒரு இருமல், தொய்வே இல்லை என்று தெரியவந்த கதை அது. ஆகவே தொய்வு அடுத்த மடலுக்குப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு ருவைஸ் என்ற பெயரே புதிதாக இருக்கும். அபுதாபி நகரிலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீற்றர், கடற்கரையோரம். 1982இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்ட பின் அதைச் சுற்றி வளர்ந்த ஊர். இப்போது அல் தன்னா என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நாமெல்லாம் இன்னும் ருவைஸ் என்றுதான் சொல்கிறோம். நீங்கள் கனடாவிலும் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் அகதி வழக்குக்கு அலைந்து, இப்போதுதான் வீடெடுத்துக் குடியேறியிருக்கிறீர்கள். நாமும் அதே ஊர்களிலிருந்து அதே காரணத்துக்காக வெளிக்கிட்டு, வேலை விசாவில் இங்கே வந்து சேர்ந்தோம். இந்த நாட்டில் அகதி என்ற கடுதாசி கிடையாது. வேலை இருக்கும் வரைதான் இருப்பு.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வந்திருந்தார். பனங்கட்டி, ஒடியல், மிளகாய்த்தூள், வறுத்த கச்சான் எல்லாம் பெட்டியில் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் கச்சான் உடைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தோம். சின்னவனுக்கு அப்போது இரண்டு வயதும் மூன்று மாதமும். அம்மம்மா தோல் நீக்கி ஒன்றிரண்டு பருப்பு அவன் கையில் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டு கதிரையைச் சுற்றி ஓடினான். தமக்கைக்காரி ஏதோ சொல்லிச் சிரிப்புக்காட்ட, திடீரென்று புரைக்கேறிவிட்டது.

முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, விடாமல் இருமினான். "ஆரோ நினைக்கினம்" என்று அம்மம்மா உச்சந்தலையில் தட்டினார். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. பிறகு இருமல் நின்றது. அழுதான், தண்ணீர் குடித்தான், மறுபடி விளையாடப் போய்விட்டான். நாமும் மறந்துபோனோம்.

இந்த இடத்தில்தான் அநேக தாய் தகப்பன்மார் ஏமாறுகிறார்கள். மூச்சுக்குழாயின் வாசலில் ஒரு பொருள் பட்டதும் உடம்பு பலமாக இருமுகிறது. அது இன்னும் கீழே, ஒரு கிளைக்குழாய்க்குள் போய் இருந்துவிட்டால் இருமல் அடங்கிவிடும். பிள்ளை சுகமாகிவிட்டான் என்று தோன்றும். மணித்தியாலக்கணக்கிலும் இருக்கலாம், நாட்கணக்கிலும் இருக்கலாம் இந்த அமைதி. சிலருக்குக் கிழமைக்கணக்கில்.

எமது பிள்ளைக்கு மூன்றாம் நாள் இருமல் திரும்ப வந்தது. இரவில் ஒரு சின்ன விசில் சத்தம். ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். பாலைவனத் தூசி, பனிக்காற்று, தொய்வாக இருக்கலாம் என்று பாணி மருந்தும் பம்பும் தந்தார்கள். ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல். எக்ஸ்றே எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அன்ரிபயோற்றிக் தந்தார்கள். காய்ச்சல் விட்டது, விசில் விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் கேட்டது "எத்தனை நாளாக இருமல்?" என்று. நாம் அதற்கு மட்டும் பதில் சொன்னோம். வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இரண்டாம் முறை போனபோது அது எமக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அம்மம்மாவும் கூட வந்திருந்தார். அவர் முன்னால் அதைச் சொன்னால் அவர் மேல் பழி போட்டதாகிவிடும் என்று நினைத்து விழுங்கிவிட்டோம்.

மூன்றாம் கிழமை வேறொரு டொக்டரிடம் போனோம். கேரளத்துக்காரர், வயதானவர். முதுகில் குழாயை வைத்து வலதுபக்கம் கேட்டார், இடதுபக்கம் கேட்டார், திரும்ப வலதுபக்கம் கேட்டார். பிறகு மலையாளம் கலந்த தமிழில், "இந்த இருமல் தொடங்க முன்னம் ஏதாவது சாப்பிடும்போது புரைக்கேறினதா?" என்று கேட்டார்.

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூலையில் நின்ற அம்மம்மாதான் சொன்னார்: "நான்தான் தம்பி கச்சான் குடுத்தனான்."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்து, "அம்மா, எக்ஸ்றே சொல்லாததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்" என்றார்.

பிறகு விளக்கினார். கச்சான், கடலை, பாக்கு, புளியங்கொட்டை, பிளாஸ்ரிக் துண்டு ஒன்றும் எக்ஸ்றேயில் தெரியாது. காசும் ஊசியும் தெரியும். உணவுப்பொருளைக் கண்டுபிடிக்க அதன் நிழலைத் தேடாமல், அது செய்யும் வேலையைத் தேடவேண்டும். சைக்கிள் ரியூபின் வால்வை நினைத்துப் பாருங்கள். காற்று உள்ளே போகும், வெளியே வராது. மூச்சை இழுக்கும்போது குழாய் விரிகிறது, கச்சானைச் சுற்றிக் காற்று உள்ளே போகிறது. மூச்சை விடும்போது குழாய் சுருங்கிக் கச்சானை இறுக்குகிறது, காற்று வெளியேற முடியாமல் அடைபடுகிறது. ஆகவே மூச்சை இழுத்த நிலையில் எடுத்த படம் நன்றாகவே இருக்கும். மூச்சை விட்ட நிலையில் எடுத்தால் ஒரு பக்க நுரையீரல் ஊதிப்போய் நிற்பது தெரியவரும். இரண்டு வயதுப் பிள்ளையிடம் மூச்சை விடு, பிடி என்று சொல்ல முடியுமா? அதனால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். கீழே கிடக்கும் நுரையீரல் அமுங்கவேண்டும். எமது பிள்ளையின் வலதுபக்கம் அமுங்கவில்லை.

இந்தப் படமும் சிலவேளை ஏமாற்றும் என்று அவர் எச்சரித்தார். படம் சுத்தமாக இருந்தாலும், புரைக்கேறிய கதை உறுதியாக இருந்து இருமலும் நிற்காவிட்டால், உள்ளே கமரா விட்டுப் பார்ப்பதுதான் வழி. அதன் பெயர் பிரொங்கோஸ்கோப்பி. மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை விட்டு நேரே கண்ணால் பார்ப்பது, கண்டதை அங்கேயே பிடித்து எடுப்பது.

அன்றிரவே அபுதாபிக்கு வெளிக்கிட்டோம். மாசி மாதத்து மூடுபனி. மிர்ஃபா கழிந்து தாரிஃப் வரும்வரை முன்னால் போகும் லொறியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் சாப்பிடக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் பால் கேட்டு அழுதான். அம்மம்மா பின்சீற்றில் அவனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் வந்தார்.

அங்கே கையெழுத்துக் கேட்டார்கள். முழு மயக்கம் கொடுக்கவேண்டும், தொண்டை வீங்கலாம், இரத்தம் கசியலாம், மிக அரிதாகக் குழாயில் துளை விழலாம், ஒரே தடவையில் எடுக்க முடியாமலும் போகலாம் என்று எல்லாம் அந்தக் கடுதாசியில் இருந்தது. வாசிக்க வாசிக்கக் கை நடுங்கியது. "எடுக்காமல் விட்டால்?" என்று கேட்டோம். கச்சானில் எண்ணெய் இருக்கிறது, அது குழாயின் உட்தோலைப் புண்ணாக்கி வீங்கவைக்கும், அதற்குப் பின்னால் சளி கட்டிச் சீழ் பிடிக்கும், திரும்பத் திரும்ப நிமோனியா வரும், நாள் போகப்போக அந்தப் பகுதி நுரையீரலே பழுதாகும் என்றார் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். கையெழுத்துப் போட்டோம்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வளையாத உலோகக் குழாயைத்தான் பயன்படுத்துகிறார்கள். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அதில் ஒரு பெரிய வசதி உண்டு. அந்தக் குழாய் வழியாகவே ஒட்சிசனும் கொடுக்கலாம், பார்க்கவும் செய்யலாம், இடுக்கியை விட்டுப் பிடித்து இழுக்கவும் செய்யலாம். வாய் வழியாகப் போகிறது. வெட்டுக் காயம் ஒன்றும் கிடையாது. எமக்கு அரை நாள் போலத் தோன்றியது. மணிக்கூட்டைப் பார்த்தால் முக்கால் மணித்தியாலம். தாதி ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். அரைக் கச்சான் பருப்பு, ஊறிக் கறுத்து, சுற்றிச் சளி. மற்றப் பாதியை அவன் ஒழுங்காக விழுங்கியிருக்கவேண்டும்.

அன்றிரவு தொண்டை வீக்கத்துக்கு மருந்து கொடுத்துக் கண்காணித்தார்கள். மறுநாள் பின்னேரம் ருவைஸ் திரும்பிவிட்டோம். விசில் சத்தம் அதன் பிறகு கேட்கவில்லை.

இந்த வைத்தியம் எப்படி வந்தது என்று பிறகு தேடி வாசித்தோம். முதன்முதலில் இப்படி எடுத்தவர் ஜேர்மனியின் ஃப்ரைபூர்க் நகரத்துக் குஸ்தாவ் கிலியான், 1897இல். ஃப்ரைபூர்க்கில் இப்போது குடியிருக்கும் எம்மவர்கள் அந்தப் பல்கலைக்கழக வைத்தியசாலையைத் தாண்டிப் போகும்போது நினைத்துக்கொள்ளலாம். 63 வயது விவசாயி ஒருவரின் வலது மூச்சுக்குழாயில் பன்றி எலும்புத்துண்டு ஒன்று சிக்கியிருந்தது. தொண்டையைக் கொக்கெயின் மருந்தால் மரக்கச் செய்து, உணவுக்குழாயைப் பார்ப்பதற்கென்று இருந்த குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி அதை எடுத்தார். அதற்கு முந்திய காலத்தில் இப்படி ஏதாவது உள்ளே போனால் சீழ் பிடித்துச் செத்துப்போனவர்கள்தான் அநேகம்.

அவருக்குப் பின் அமெரிக்காவில் பிலடெல்பியாவின் செவாலியே ஜாக்சன். மனிதர்களின் உணவுக்குழாயிலும் மூச்சுக்குழாயிலும் சிக்கிய பொருட்களை எடுத்து, ஒவ்வொன்றையும் குறிப்பெழுதிப் பத்திரப்படுத்தினார். ஊசிகள், பொத்தான்கள், காசுகள், எலும்புகள், விளையாட்டுச் சாமான்கள் என்று 2,374 பொருட்கள் இன்றும் அந்த நகரத்து மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. கடைவாய்ப் பல் முளைக்காத பிள்ளைக்குக் கொட்டை வகை கொடுக்காதீர்கள் என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்தது 1958இல். நமது வீட்டுக்கு அந்தச் செய்தி வந்துசேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

வளையும் குழாய் வந்தது அதற்குப் பின்னர். அதிலே நம்மவர் பங்கு ஒன்று உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பஞ்சாப்பின் மோகா ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் என்ற ஆசிரியரோடு சேர்ந்து, மயிர் போன்ற கண்ணாடி நார்களைக் கட்டாகக் கட்டி அதன் வழியாக ஒரு உருவத்தை மறுமுனைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். 1954இல் அது நேச்சர் இதழில் வெளிவந்தது. கட்டு வளைந்தாலும் படம் வந்துசேரும். அந்த வழியைப் பின்பற்றித் தோக்கியோவின் தேசிய புற்றுநோய் நிலையத்து ஷிகெத்தோ இக்கேதா, 1966இல் மூச்சுக்குழாய்க்கான வளையும் கருவியை உலகத்துக்குக் காட்டினார். பெரியவர்களுக்கு இன்று செய்யப்படுவது பெரும்பாலும் அதன் வழிவந்ததுதான்.

அதைப் பற்றித்தான் நோர்வேயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கணவருக்கு இரண்டு மாத இருமல், சளியில் இரத்தக் கோடு, இந்தக் கமராப் பரிசோதனைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள், "குழாய் விட்டால் மூச்சு நின்றுவிடும்" என்று பயந்து போகமாட்டேன் என்கிறாராம்.

சகோதரி, குழாயின் பருமன் ஐந்து ஆறு மில்லிமீற்றர்தான், பென்சிலை விட மெல்லியது. பெரியவர்களின் மூச்சுக்குழாய் அதைவிடப் பலமடங்கு அகலம். சுற்றிலும் காற்றுப் போய்வர இடம் உண்டு. மூக்கிலும் தொண்டையிலும் மரக்கும் மருந்து தெளிப்பார்கள், அது கசக்கும். கை நரம்பில் நித்திரை மருந்து கொடுப்பார்கள். முதலில் இருமல் வரும், பிறகு அடங்கிவிடும். குழாய் உள்ளே இருக்கும்போது கதைக்க முடியாது. ஏதாவது என்றால் எப்படிக் கைகாட்டுவது என்று முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். உள்ளே சின்னத் துண்டு கிள்ளி எடுப்பார்கள், நுரையீரலுக்குள் அது நோகாது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தச் சொல்வார்கள். முடிந்த பின்னும் தொண்டை மரப்பு விடும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, புரைக்கேறிவிடும். அன்று கார் ஓட்டக்கூடாது. இரத்தம் இளக வைக்கும் குளிசை எடுப்பவராக இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லவேண்டும். பிறகு ஒரு நாள் சளியில் சிறிது இரத்தம், லேசான காய்ச்சல் வந்தால் வழமைதான். இரத்தம் கூடினாலோ நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ வந்தாலோ உடனே திரும்பப் போகவேண்டும்.

இரத்தக் கோடு என்றால் புற்றுநோய் என்று நினைத்து அவர் ஒளிக்கிறார் என்று நினைக்கிறோம். அது கசநோயாக இருக்கலாம், பழைய சளிப் புண்ணாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சளி துப்ப வராதவர்களுக்கு உள்ளே உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்துக் கசநோய்க் கிருமியைத் தேடுவதும் இதே குழாயால்தான். அடைத்த சளியை உறிஞ்சி எடுப்பது, கட்டி அடைத்த இடத்தை எரித்துத் திறப்பது, ஒடுங்கிய குழாய்க்குள் விரிப்பான் வைப்பது, தீப்புகை குடித்தவர்களின் மூச்சுக்குழாயில் கரி படிந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இதனால் முடியும். வளைகுடாவில் எம்மவர்களுக்கு இன்னொரு பயம். விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்றே எடுக்கிறார்கள், அதில் ஏதாவது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இருமலை மறைக்கிறார்கள். அந்தப் பயம் எமக்கும் தெரியும். உங்களுக்கு அது இல்லை. வைத்தியம் பார்த்ததற்காக உங்கள் அகதி வழக்கு பாதிக்கப்படாது. அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மறுபடி பிள்ளைகளுக்கு வருவோம். ஒன்று முதல் மூன்று வயது வரைதான் அதிக ஆபத்து. முன்பல்லால் கடிப்பார்கள், அரைக்கக் கடைவாய்ப் பல் போதாது, சாப்பிட்டுக்கொண்டே ஓடுவார்கள். எம்மவர் வீட்டில் கச்சான், கடலை, பாக்கு, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை. அரபு வீடுகளில் தர்பூசணி விதை. இங்கே முக்காட்டுக்குக் குத்தும் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு கதைக்கும் இளம்பெண்களும் அதை உள்ளிழுத்துவிட்டு இதே கமராவுக்கு வருகிறார்கள். உங்கள் வீட்டில் சேலைக்குக் குத்தும் ஊசியை எங்கே கவ்வுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

புரைக்கேறிய பிள்ளை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். தலையில் தட்டவேண்டாம், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவவேண்டாம், அது இன்னும் கீழே தள்ளும். சத்தமே வராமல், மூச்சு வராமல், உதடு நீலமாகினால் உதவிக்கு ஆள் கூப்பிட்டு உடனே குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தரம் பலமாகத் தட்டவேண்டும். வராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே முட்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து தரம் அமுக்கவேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அமுக்கக்கூடாது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து தரம் அமுக்கவேண்டும். மாறி மாறிச் செய்யுங்கள். இங்கே அவசர வாகனத்துக்கு 998. உங்கள் நாட்டு எண்ணைத் தொலைபேசிக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

டொக்டரிடம் போகும்போது மொழி தெரியாது என்று மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கிறோம். அது பாதியை விழுங்கிவிடும், பெரியவர்களைக் காட்டிக்கொடுக்கவும் கூச்சப்படும். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஒருவரும் கிடைக்காவிட்டால் ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் 'சோக்', ஜேர்மன் மொழியில் 'ஃபெர்ஷ்லுக்ட்', பிரெஞ்சில் 'அவலே த திரவேர்'. அந்தச் சொல்லையும் என்ன சாப்பிட்டான் என்பதையும் எப்போது என்பதையும் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள். நாலு கிழமை கழிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று விடவேண்டாம். மாதக்கணக்கில் கழிந்த பிறகு எடுத்ததும் உண்டு.

சின்னவனுக்கு இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்போட்டியில் பரிசு கிடைக்கிறது. அம்மம்மா போன வருடமும் வந்திருந்தார். பெட்டியில் கச்சான் இருந்தது. ஆனால் ஊரிலேயே உரலில் இடித்துச் சர்க்கரை சேர்த்து, உருண்டை பிடித்துக் கொண்டுவந்திருந்தார்.

தொய்வும் பம்பும் அடுத்த மடலில். பம்பைச் சரியாக இழுக்கத் தெரியாதவர்கள் பலர் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பம்பின் நிறத்தையும் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.